புரூட்டஸுக்கு வந்த மொட்டைக் கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் எங்களுக்குப் பாடம். நண்பன் சீசரைக் கொல்லும் சதியில் சேர்ந்த புரூட்டஸ் துரோகியா, தியாகியா? சீசர் உண்மையிலேயே முடிசூட ஆசைப்பட்டானா? என்னைக் கேட்டால் சதி செய்தவர்கள் எல்லாருமே பதவி வெறியர்கள்தான். அரசியல் அன்றும் இன்றும் ஒன்றுதான். நாடகத்தை முழுதாகப் படிக்கவில்லை, யூடியூபில் சுருக்கம் பார்த்தேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுருக்கம்தான் பார்த்தேன் என்று ஒளிக்காமல் எழுதினீர்கள், அதற்காகவே இந்தப் பதில். மற்றபடி, மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பியவர் பாயசத்தைக் குறை சொல்வதுபோல இருக்கிறது உங்கள் கடிதம். “எல்லாருமே பதவி வெறியர்கள்” என்று எழுத எவ்வளவு நேரம் ஆனது? அரை நிமிடம்?

சீசருக்கு ஆசை இருந்தது. மனைவி கண்ட கெட்ட கனவுக்காக வீட்டிலேயே இருக்கிறேன் என்றவன், இன்று செனட்டில் உனக்கு மகுடம் தரப்போகிறார்கள் என்று சதிகாரர்களில் ஒருவனான டேசியஸ் சொன்னதும் அங்கியைக் கொண்டுவா என்கிறான். போதுமா? துரோகியா தியாகியா என்பதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கொஞ்ச நாளாகவே என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாம் அங்கம், முதல் காட்சி. விடியவில்லை. புரூட்டஸ் தூக்கமில்லாமல் தோட்டத்தில் நிற்கிறான். விளக்கேற்றப் போன பையன் லூசியஸ், ஜன்னலோரம் சிக்கிமுக்கிக் கல்லைத் துழாவும்போது முத்திரையிட்ட காகிதம் ஒன்று அகப்படுகிறது. ஊரார் பலர் எழுதியதுபோல வெவ்வேறு கையெழுத்தில், சதியைத் தொடங்கிவைத்த காசியஸ் தயார் செய்து போடவைத்தவற்றில் ஒன்று. நம் பாஷையில் மொட்டைக் கடிதம். வானத்தில் எரிந்து பாய்கிறவற்றின் வெளிச்சத்திலேயே புரூட்டஸ் அதைப் படிக்கிறான். “புரூட்டஸ், தூங்குகிறாய், விழித்துக்கொள்.” அப்புறம், “ரோமாபுரி, இத்தியாதி.” வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது.

மீதியைப் புரூட்டஸ்தான் போடுகிறான். இதை நான் இப்படித்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டே சொல்கிறான்: “ரோமாபுரி ஒற்றை ஆளுக்கு நடுங்கிக் கிடப்பதா?” காசியஸ் அதை எழுதவில்லை, எஸ். திரும்பவும் சொல்கிறேன், எழுதவில்லை. உங்கள் சுருக்கத்தில் இந்த ‘இத்தியாதி’ இருந்ததா? இருந்திருக்காது.

இன்னும் கேளுங்கள். கடிதம் கைக்கு வரும் முன்பே, பையன் அந்தப் பக்கம் போனதும் புரூட்டஸ் தனக்குள் சொல்லிக்கொள்ளும் முதல் பேச்சு, சீசர் செத்தாக வேண்டும் என்பது. காரணத்தை அப்புறம்தான் தேடுகிறான். எனக்குச் சீசர்மேல் சொந்தப் பகை கிடையாது என்கிறான். சீசர் இதுவரை அறிவை மீறி நடந்து நான் பார்த்ததில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். மகுடம் வைத்தால் மாறிவிடக்கூடும், ஆகவே பாம்பை முட்டையிலேயே கொன்றுவிடுவோம். ஒரு ‘கூடும்’ போதுமாக இருந்தது.

ஷேக்ஸ்பியர் கையில் இருந்தது பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் வாழ்க்கைச் சரித்திரங்கள், 1579இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. அதில் வரும் புரூட்டஸ் சரித்திரத்தில் இந்த மாதிரி வாசகங்களை ரோம் மக்களே எழுதி வைக்கிறார்கள். நாடகத்தில் அந்த மக்கள் குரலைக் காசியஸ் வீட்டில் உட்கார்ந்து தயாரிக்கிறான். இந்த ஒரு மாற்றத்துக்காக ஷேக்ஸ்பியருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

எனக்கும் இருபத்தாறு வயதில் அப்படி ஒன்று வந்தது. மேசை இழுப்பறையில், நான்காக மடித்த கார்பன் நகல். என்னைக் கைபிடித்து வேலை பழக்கிய மேலதிகாரியைப் பற்றி. “உங்களைப் போன்ற நேர்மையானவர்களே பேசாமல் இருந்தால்...” என்று புள்ளி வைத்து முடிந்திருந்தது. மூன்று ராத்திரி அந்தப் புள்ளிகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். ‘நேர்மையானவர்’ என்பதுதான் தூண்டில் புழு என்று அந்த வயதில் எங்கே உறைக்கும்? புகார் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அவரை மாற்றிவிட்டார்கள். கிளம்பும் நாளில் என் மேசைக்கு வந்து, “அம்மாவுக்கு இப்போ மூட்டு வலி தேவலையா?” என்று கேட்டார். கடிதத்தை எழுதியது யாரென்று நான் தேடவில்லை.

சரி, புரூட்டஸுக்கு வருவோம். நான்காம் அங்கத்தின் கடைசியில், பாசறைக் கூடாரத்தில், காணாமல்போன புத்தகம் தன் அங்கிப் பையிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பையனிடம் பொறுத்துக்கொள் என்கிறான். பையன் வாத்தியம் வாசித்துக்கொண்டே தூங்கிப்போகிறான். தலை சாய்ந்து வாத்தியம் உடைந்துவிடுமே என்று புரூட்டஸ் அதை மெல்ல எடுத்து வைக்கிறான். சீசரைக் குத்திய அதே கை. அடுத்த நிமிடம் சீசரின் ஆவி வந்து நிற்கிறது.

இந்தச் சனி ஞாயிறில் அதுவரையாவது படித்துவிட்டு எழுதுங்கள். கோனார் நோட்ஸ் மாதிரி எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், அடுத்த கடிதத்தில் முழுப் பெயரைப் போடுங்கள். ஒற்றை எழுத்தில் வரும் கடிதம் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம்தான்.

அன்புடன்