மேட்ச்னா கை நடுங்குது, மாத்திரை போடலாமா?

கேள்வி: காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறேன், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறேன். பிராக்டிஸ்ல 60 ஷாட் ஸ்கோர் 600 தாண்டுது (ஒரு ஷாட்டுக்கு 10.9 வரை கிடைக்கும்), மேட்ச்னு வந்தா கை நடுங்கி 585ல நிக்குது. ரெண்டு வாரத்துல ஸ்டேட் மேட்ச். நடுக்கத்துக்கு மாத்திரை இருக்குன்னு ஒரு சீனியர் சொல்றாங்க, பெல்லட்டை (ரைஃபிள்ல போடுற ஈயக் குண்டு) மாத்திப் பாருன்னு அப்பா சொல்றார். என்ன பண்ணட்டும்?

பதில்: மாத்திரை பக்கமே போகாதீங்கம்மா. அவங்க சொன்னது அநேகமா புரோப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கரா இருக்கும், அது நெஞ்சுத் துடிப்பைக் குறைச்சு நடுக்கத்தை அடக்குது, அதனாலதான் ஷூட்டிங்ல வாடா (WADA, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) அதைத் தடை பண்ணி வச்சிருக்கு, மேட்ச் அன்னிக்குன்னு இல்ல, எந்த நாளும் கூடாது. ஆஸ்துமா இருந்தா ஆபத்து வேற.

நடுங்கட்டுமே, என்ன இப்போ? நின்னுட்டு சுடுறப்போ யாரோட ரைஃபிளும் சிலை மாதிரி நிக்கிறதில்ல. டார்கெட் நடுவுல இருக்கிற பத்துங்கிற புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்தான், ஆனா நம்ம பெல்லட் 4.5 மில்லிமீட்டர், அதோட ஓரம் புள்ளியை உரசினாலே 10.0 விழுந்துடும். ரைஃபிளோட ஆட்டம் நிக்கட்டும், இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு காத்திருந்து கண்ணு மங்கினப்புறம், புள்ளி நடுவுல வர்ற நொடியில வெடுக்குனு டிரிகரை இழுக்கிறோம் பாருங்க, அதுலதான் 8.9 வருது.

அதுக்கு மருந்து, ரைஃபிளைக் கீழ இறக்குறது. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம், அதாவது ஷாட்டுக்கு 75 செகண்ட் இருக்கு, தாராளம். செட்டில் ஆகி எட்டு பத்து செகண்ட்ல ஷாட் போகலையா, இறக்கிடுங்க, மூச்சு விடுங்க, மறுபடி தூக்குங்க. மேட்ச்ல இதுக்கு மனசு வராது, எல்லாரும் பாக்குறாங்களேன்னு இருக்கும், அதனால இப்பவே அஞ்சு ஷாட்டுக்கு ஒருதடவை வேணும்னே எய்ம் பண்ணிட்டு சுடாம இறக்கிப் பழகுங்க.

ரெண்டு மூணு தடவையாவது முழு மேட்ச் போட்டுப் பாருங்க, உங்க டீடெயில் (நீங்க சுடுற பேட்ச்) எத்தன மணிக்கோ அதே நேரத்துல, ஜாக்கெட் பேன்ட் ஷூ எல்லாம் மாட்டி, 15 நிமிஷம் சைட்டர் (கணக்குல வராத சோதனை ஷாட்), அப்புறம் 60, பின்னாடி ஃப்ரெண்ட்ஸை நிக்க வச்சு ஜூஸ் பந்தயம் கட்டிக்கிட்டு. அந்த நேரத்துல வர்ற படபடப்புலதான் சுடப் பழகணும்.

பெல்லட் அதே பேட்ச்தான், மாத்தாதீங்க. ரைஃபிளோட காத்து சிலிண்டர்ல தேதி பாருங்க, 10 வருஷம் தாண்டியிருந்தா மேட்சுக்கு முன்னாடி சாமானைச் சோதிக்கிற எக்விப்மென்ட் கன்ட்ரோல்லயே நிறுத்திடலாம். காலைல ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி, காபி வழக்கமா குடிக்கிற அளவுதான், எக்ஸ்ட்ரா வேணாம். லேன் (நீங்க நின்னு சுடுற இடம்) நம்பரை ஒவ்வொரு தடவையும் பாருங்க, சிரிக்காதீங்க, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் 50 மீட்டர் த்ரீ பொசிஷன் (மண்டி போட்டு, படுத்து, நின்னு சுடுறது) ஃபைனல்ல அமெரிக்க ஷூட்டர் மேத்யூ எம்மன்ஸ் கடைசி ஷாட்டைப் பக்கத்து லேன் டார்கெட்ல சுட்டு, கைல இருந்த தங்கத்தை விட்டுட்டு எட்டாவதா வந்தார்.

அப்பாவைப் பத்தி ஒண்ணு. அவர் பின்னாடி உக்காந்து ஒவ்வொரு 9.8க்கும் உச்சுக் கொட்டுறவரா இருந்தா, முதல் சீரிஸ் (பத்து ஷாட்) முடியறதுக்குள்ள டீ குடிக்க அனுப்பி வச்சிடுங்க.