5 எச்.பி. கிணற்று மோட்டாரைப் போட்டதும் 10 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக வெட்டும் சுவிட்ச்) விழுகிறது. எத்தனை ஆம்பியருக்கு மாற்ற வேண்டும்?

முதலில் எம்சிபியின் முகத்தில் 10 என்ற எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். 'பி' என்றிருந்தால் காரணம் அதுதான்.

415 வோல்ட்டில் 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ ஏழரை ஆம்பியர் எடுக்கும். முழு வோல்ட்டேஜையும் நேராகக் கொடுக்கும் டிஓஎல் ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது அதைப்போல் ஆறேழு மடங்கு, அதாவது 45, 50 ஆம்பியர். பி வகை தன் அளவின் 3 முதல் 5 மடங்கிலேயே பட்டென்று விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும், டி வகை 10 முதல் 20. ஆகவே சி16 அல்லது டி10 போடுங்கள், விழாமல் நிற்கும்.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் பல்லடம் பக்கம் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எம்சிபி நிற்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்களின் மோட்டார்தான் எனக்குப் பிழைப்பே.

அப்படி வரும் மோட்டாரைத் திறந்தால் ஒரு காயில் கரியாக இருக்கும், அடுத்த இரண்டும் வார்னிஷ் மினுக்கம்கூடப் போகாமல் இருக்கும், மறுபடி ஒன்று கரி. சுற்றிலும் இப்படியே வந்தால் வேறு விசாரணை தேவையில்லை: மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கிறது, பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ்; மோட்டார் மிச்ச இரண்டில் ஓடியிருக்கிறது. அப்போது மிச்சமுள்ள இரண்டு லைனிலும் கரண்ட் சுமார் 1.73 மடங்காகும். ஏழரை என்பது 13 ஆகிவிடும். டெல்டா இணைப்பில் (மூன்று ஃபேஸ் காயில்களும் முக்கோணமாக, ஒவ்வொன்றும் இரண்டு லைனுக்கு நடுவே) அந்த இரண்டு லைனுக்கும் நேர் நடுவே மாட்டிய ஃபேஸ் மட்டும் வழக்கத்தைப்போல் இரு மடங்கு சுமக்கும்; கருகுவது அதுதான். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபியோ 18 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரம் அசையாது. அதைக் குறை சொல்ல முடியாது. கேபிளைக் காப்பதும் ஷார்ட் ஆனால் வெட்டுவதும்தான் அதற்கு இட்ட வேலை.

மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே. அதன் டயல் மோட்டாரின் நேம் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியரில் நிற்க வேண்டும், ஒரு கோடுகூட மேலே போகக் கூடாது. குறைந்த வோல்ட்டேஜில் கிளப்பிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே காயில் வயர்களில் இருந்தால், நேம் பிளேட் ஆம்பியரில் 0.58 பங்கு. நம் ஊரில் ரிலே இரண்டு முறை விழுந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டயலைக் கடைசி வரை திருகிவிடுகிறார்கள். ஒருவர் ரிலேயையே தாண்டிச் செம்புக் கம்பி கட்டியிருந்தார். ஒரே பருவத்தில் இரண்டு முறை வந்தார்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் 6-10 ஆம்பியர் எம்பிசிபி (மோட்டாருக்கென்றே உள்ள பிரேக்கர்) ஒன்று வாங்கலாம். ஓவர்லோடு டயலும் ஷார்ட் பாதுகாப்பும் ஒரே பெட்டியில் இருக்கும்; ஃபேஸ் போனதை உணரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டார்ட்டரே போதுமென்றால் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்து பாருங்கள். ரிலே டயல் எந்த எண்ணில் நிற்கிறது, நேம் பிளேட்டில் என்ன ஆம்பியர் போட்டிருக்கிறது, இரண்டையும் கீழே எழுதுங்கள்.