பள்ளிகளில் குடிமைக் கல்வியையும் சமூக சேவையையும் எப்படி வலுப்படுத்துவது?

குடிமையியல் பாடம் நடத்துகிறோம், மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் துப்புரவுப் பணிக்கும் அழைத்துப் போகிறோம், ஆனாலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்து, நோட்டில் கையெழுத்துப் போடுவதோடு நிற்கப் பிடிக்காத பெற்றோராக இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை.

நான் காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. யாரும் கேட்டு வாங்காத பொறுப்பு அது. புதிதாக மாறுதலில் வருகிறவரிடமோ, மறுத்துப் பேசத் தெரியாதவரிடமோ தள்ளிவிடுவார்கள். நான் மறுத்துப் பேசத் தெரிந்தவள். இருந்தும் விரும்பியே வைத்திருந்தேன்.

அந்தத் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மேல்நிலை வகுப்புகளுக்கும் அது பின்னாளில் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம். காகிதத்தில் அருமையான திட்டம். நடப்பில் என்ன ஆகிறது என்றால், ஒரு பேனர், தொப்பி, கையில் மண்வெட்டியோடு ஒரு போட்டோ, மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘மாணவர்கள் ஊருணியைத் தூய்மைப்படுத்தினர்’ என்று நாலு வரி. அடுத்த ஆண்டு அதே ஊருணி, அதே பேனர். தேதியை மட்டும் மேலே ஒட்டிக்கொள்வது.

ஊருணி பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் இந்த ஊர்கள் பிழைத்தன. அதனால் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, செம்பாறாங்கல்லால் கரை கட்டி, படித்துறை வைத்து, எங்கோ மேட்டில் விழும் மழை வந்து சேர வரத்துக்கால் எடுத்து வைத்தார்கள். ஊருணி நிறைந்தால் சுற்றுக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறும். வெட்டிய குடும்பங்கள் பாதி சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. இந்தத் தெரு வாசலில் நுழைந்தால் அடுத்த தெருவில் போய் முடிகிற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகளில் சாவி யாரிடம் என்பதே சிலசமயம் வழக்கில் இருக்கும். வீட்டுக்கே அந்தக் கதி என்றால் ஊருணியை யார் நினைப்பார்கள்?

காலாண்டு விடுமுறையில் முகாம். பிள்ளைகள் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த ஆச்சி ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீச்சரம்மா, போன வருசமும் நீங்கதான் அள்ளுனீக. தண்ணி வர்ற வழிய விட்டுட்டுத் தொட்டியக் கழுவிக்கிட்டு இருக்கீகளே.”

சுருக்கென்றது. ஆனால் பிள்ளைகளுக்கு அது வேலையாகப் போனது. அன்று மத்தியானம் மண்வெட்டியை வைத்துவிட்டு, வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தோம். ஓரிடத்தில் கோழிக்கடைக் கழிவு. ஓரிடத்தில் புதிதாகப் பிளாட் போட்டவர்கள் சாலைக்கு மண்ணடித்து, அடியில் குழாய் பதிக்காமல் கால்வாயையே மூடியிருந்தார்கள். இன்னும் மேலே ஒரு காம்பவுண்டுச் சுவர் கால்வாய்க்குள் இறங்கி நின்றது. ஒரு பையன் உடனே, “டீச்சர், இது ஆக்கிரமிப்பு” என்றான். எப்படிச் சொல்கிறாய் என்றேன். தெரியவில்லை. மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல வரைபடத்தைப் பார்த்து, நாடா பிடித்து அளந்த பிறகுதான் அதை எழுத விட்டேன். அளக்காமல் எழுதியிருந்தால் அந்தச் சுவர்க்காரர் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

அப்புறம் மனு. ஆளுக்கொன்று எழுதுங்கள் என்றேன். ஏறக்குறைய எல்லோரும் முதலமைச்சருக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் பிரதமருக்கு. ஆறாம் வகுப்பிலேயே உள்ளாட்சி அமைப்புப் பாடத்தைப் படித்து, பத்தாம் வகுப்பில் அரசியலமைப்பைப் படித்து, அதன் 51ஏ பிரிவில் இருக்கும் அடிப்படைக் கடமைகள் பதினொன்றையும் ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இவர்கள். தங்கள் ஊர்க் கால்வாய்க்கு யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாடப்புத்தகம் மோசம் என்று நான் சொல்லவில்லை, அது நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கும் பழக்கம்தான் இல்லை.

ஒரு முழு நாள் இதற்கே போனது. ஊருணியும் குட்டையும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. கண்மாய் என்றால் ஆயக்கட்டை, அதாவது அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பைப் பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியர். கறும்பலகையில் இதை எழுதிப்போட்டதும் பத்தாம் வகுப்பில் தூங்கியவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் ஊர் அதில் இருந்ததல்லவா?

முகாம் முடியவும் அக்டோபர் 2 கிராம சபை வரவும் சரியாக இருந்தது. அது உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் கிடந்த காலம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை எங்கள் பக்கம் ஊராட்சித் தலைவரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்தான். புத்தகத்தில் ‘மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர்’ என்று நடத்திவிட்டு, வெளியே வந்தால் அந்த நாற்காலி காலி. (2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.) பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, கிராம சபையில் உறுப்பினரும் இல்லை. அதனால் மனுவில் பெற்றோர் கையெழுத்து, பேசுவது பெற்றோர், பக்கத்தில் வரைபடத்தோடு பிள்ளைகள் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

கூட்டத்தில் ஒரு வேடிக்கை. மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டி 10,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபை நடக்க 200 பேர் இருக்க வேண்டும். எங்கள் மாணவிகளில் ஒருத்தி தலை எண்ணிக்கொண்டே வந்து, “டீச்சர், அறுபதுகூட இல்லை” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். கூட்டத்தைப் பார்வையிடப் பற்றாளராக வந்திருந்த அலுவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட்டம் முடிந்த பிறகு நோட்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவரும் வழக்கம் ஊரறிந்தது, ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு வேறு வழியில்லாமல் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போயிருந்த பெண்கள் வந்து உட்கார்ந்ததும் கூட்டம் நிறைந்தது. கால்வாயைச் சரிசெய்யத் தீர்மானம் எழுதினார்கள். தீர்மான நகலை எளிதில் தரவில்லை. ஒரு மாணவனின் அப்பா பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினார். அந்த நகலைக் காட்டிக் காட்டித்தான் பிளாட் சாலைக்கு அடியில் குழாய் போட வைத்தோம். காம்பவுண்டுச் சுவர்? அது இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. போய்ப் பாருங்கள்.

‘பிள்ளைகளை வைத்து அரசியல் செய்திருக்கிறாய்’ என்று கீழே யாராவது எழுதப் போகிறீர்கள். அப்போதே பள்ளிக்கு போன் போட்டுச் சொன்னார்கள், எனக்குப் பழகிவிட்டது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆசிரியர் சங்கத்தில் இருந்தேன், அதை மறைக்கவில்லை. அரசியலமைப்பின் 73-வது திருத்தமும் தமிழ்நாட்டின் 1994 ஊராட்சிகள் சட்டமும் சொல்லும் கூட்டத்துக்கு, சொன்ன தேதியில், அளந்த கணக்கோடு போவது அரசியல் என்றால் அந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

துப்புரவுப் பணியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நகரத்துத் தனியார் பள்ளிகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு மாணவியின் அம்மா என்னிடம் நேராக வந்து கேட்டார்: “எங்க அப்பன் பாட்டன் அள்ளுனது போதும்னுதானே பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்? இங்கேயும் விளக்குமாறுதானா?” விளக்குமாற்றைக் கையிலெடுப்பது வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் புது அனுபவம், போட்டோவுக்கும் அழகு. அந்தப் பெண்ணுக்கு அது ஊர் அவள் குடும்பத்தின் மேல் சுமத்தி வைத்த வேலை. இரண்டு பேருக்கும் ஒரே சான்றிதழைக் கொடுத்துவிட்டு ‘சேவை மனப்பான்மை வளர்ந்தது’ என்று அறிக்கை எழுதுவது எனக்குக் கூசும். அன்றிலிருந்து சீட்டுக் குலுக்கித்தான் வேலை. யாருக்கு எது விழுகிறதோ அது, ஆசிரியர்களுக்கும் சேர்த்து. கழிப்பறைச் சீட்டு எனக்கே விழுந்திருக்கிறது. அந்த மாணவிக்கு விழுந்தது அளவெடுக்கும் நாடா.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முகாமுக்கு ஒதுக்கிய பணம் முகாம் முடிந்து எத்தனையோ மாதம் கழித்துத்தான் வரும். அதுவரை ஐம்பது பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு யார் கைப்பணத்தில் என்று நினைக்கிறீர்கள்? வளையலை அடகு வைத்துத் திருப்பியிருக்கிறேன். தணிக்கைக்கு வந்தவர், சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்க்கு ஏன் ரசீது இல்லை என்று கேட்டார். தரையில் சாக்கு விரித்து விற்கிற அம்மாவிடம் போய் நான் ரசீதுப் புத்தகம் கேட்க வேண்டுமாம். கடைசியில் அந்தத் தொகையை வெட்டினார்கள். ஓய்வு பெறும் நாளில் பொன்னாடை போர்த்தினார்கள், கத்தரிக்காய்க் காசு மட்டும் வரவில்லை. சேவை உணர்வு பற்றி மேடையில் பேசுபவர்கள் இதையும் ஒருமுறை விசாரிக்கலாம்.

சரி, வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவை வேண்டும். மணிக்கணக்கில் நம் திட்டம்தான் பெரிது. ஆனால் அங்கே ஆயத்தம், செயல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல் என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறார்கள். நாம் நடுவில் இருப்பதை மட்டும் செய்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம். இந்தக் குப்பை எங்கிருந்து வந்தது, யார் அள்ளியிருக்க வேண்டும், ஏன் அள்ளவில்லை என்று துப்புரவு முடிந்த மாலையில் அரை மணி நேரம் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் பணம் வேண்டாம், ரசீதும் வேண்டாம்.

உங்கள் பள்ளிக்கு நான் சொல்வது இதுதான். சேவைக்கு ஓர் இடத்தைப் பிடித்தால் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு அதை விடாதீர்கள். பிளஸ் ஒன்னில் அளக்கிற பிள்ளை பிளஸ் டூவில் போய்க் கேட்கட்டும். அங்கே மனு எழுதுவதைக் குடிமையியல் ஆசிரியரே பாடவேளையில் நடத்தட்டும், தமிழாசிரியர் பிழை திருத்தட்டும். கிராம சபைக்கு இப்போது ஆறு தேதிகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சில் தேர்வு, மே மாதம் விடுமுறை, அவற்றை விடுங்கள். ஜனவரி 26-லும் ஆகஸ்ட் 15-லும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக் காலையிலேயே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கிராம சபை அதற்குப் பிறகுதான் கூடும். மிட்டாய் வாங்கிய கையோடு அங்கே அழைத்துப் போகலாம். காரைக்குடி நகருக்குள் இருந்தால் கிராம சபை கிடையாது, அதுபோல நகரத்தில் வார்டு மக்களுக்காக உள்ள பகுதி சபை கூடுகிறதா என்று கேளுங்கள்.

போனதும் முதல் வேலையாகப் போன கூட்டத்தின் தீர்மான நகலைப் பிள்ளைகள் கேட்கட்டும். “அடுத்த வாரம் வாங்க” என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரம் யார் யார் போவது என்று அங்கேயே பெயர் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.