தோட்டக் கேள்வி – பதில்: பனியும் அறுவடையும்

கேள்வி: மாசியில் பிடுங்கிய சின்ன வெங்காயம், பிடி கட்டித் தொங்கவிட்டு மூன்று கிழமைக்குள் கழுத்துப் பக்கம் அழுகுகிறது. ஏன்?
– வாசகர், உரும்பிராய்

பதில்: பெரும்பாலும் கழுத்து காயுமுன் கட்டியதுதான் காரணம். தாள் பாதிக்கு மேல் சாய்ந்த பிறகே பிடுங்க வேண்டும். இறைப்பை அதற்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்னமே நிறுத்திவிடுங்கள். நல்ல விலை போகிறதென்று தாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கையிலேயே பிடுங்கினால் கழுத்து தடிப்பாக, மூடாமல் இருக்கும். பூஞ்சணமும் பக்டீரியாவும் அந்த வழியாலேயே உள்ளே இறங்கும். கடைசிக் கட்டத்தில் போடும் யூரியாவாலும் கழுத்து இப்படித்தான் தடிக்கும். அந்தப் பசளைக்குச் செலவழித்த காசும் வீண்.

விடியப்புறப் பனி தாளில் நிற்கும்போது தோட்டத்தில் இறங்க வேண்டாம். உலர்ந்தபின் பிடுங்கி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் காயை மூடும்படி 2, 3 நாள் படுக்கவையுங்கள். காயில் நேர் வெயில் பட்டால் அவிந்துவிடும். இரவில் கிடுகால் மூடினால் பனி இறங்காது. கழுத்தை இரு விரலால் உருட்டிப் பாருங்கள்: வழுக்கினால் இன்னும் ஈரம், சரசரத்தால் கட்டலாம். பிடி சிறிதாக இருக்கட்டும், கொட்டிலில் காற்றோட வேண்டும்.

இப்போது இருப்பதை அவிழ்த்து, அழுகலைக் கழித்து, நிழலில் உலர்த்தி விரைவில் விற்றுவிடுங்கள். விதைக்கு வைக்க வேண்டாம்.

கேள்வி: கிண்டிய உருளைக்கிழங்கின் தோல் கையோடு உரிகிறது.
– வாசகர், கோப்பாய்

பதில்: முற்றவில்லை. கிண்டுவதற்கு 10–14 நாள் முன் கொடியை அறுத்துவிட்டால் மண்ணுக்குள்ளேயே தோல் இறுகும். கிண்டியதை வெளிச்சத்தில் விடாதீர்கள். பச்சை பிடித்தால் உண்ண ஆகாது.

கேள்வி: ரொறன்ரோவில் மகளின் பின்வளவில் முதல் உறைபனி விழுந்துவிட்டது. எதைக் காப்பாற்றலாம்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தக்காளி, கத்தரி, மிளகாய், போஞ்சி மரங்களின் இலை கறுத்திருந்தால் அவை திரும்பத் தளிர்க்காது. கண்ணாடிபோல் நீர்கோத்த காயைக் கழியுங்கள். உறையாத பச்சைத் தக்காளியை வீட்டுக்குள் வைத்தால் பழுக்கும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். பூசணியை உடனே காம்போடு வெட்டுங்கள், காம்பு உடைந்தால் அங்கிருந்துதான் அழுகும்.

கரட், பீற்றூட், கோவா, கேல் ஆகியவற்றுக்கு அவசரமில்லை. குளிருக்கு அவை மாப்பொருளைச் சர்க்கரையாக்கும். சர்க்கரை கூடினால் செடிக்குள் இருக்கும் நீர் எளிதில் உறையாது, ருசியும் இனிக்கும். ஆனால் இலை விறைத்திருக்கும்போது தொடாமல், பனி உருகியபின் வெட்டச் சொல்லுங்கள். நிலம் இறுகி உறையுமுன் கரட்டைப் பிடுங்கி, இலையை 1 சென்ரிமீற்றர் விட்டு நறுக்கி, ஈரமணலில் புதைத்துக் குளிரான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும்.