செதில் போனால் குண்டுமணி போய்விடுவானா?

கேள்வி: பள்ளி நாட்களில் நோட்டுப் புத்தக ஓரத்தில் நான் வரையத் தொடங்கிய அழுங்கு (எறும்புத்தின்னி) குட்டிதான் குண்டுமணி. பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடுவான். ஆனால் சுருண்டபடியே பேசிக்கொண்டிருப்பான். இப்போது அவனை வைத்து ஒரு படக்கதை வரைய ஆசை. பழைய உருவம் குழந்தைத்தனமாகத் தெரிவதால் ஜப்பானியப் படக்கதைகளின் மாங்கா பாணி, தட்டையான வடிவியல் பாணி, தூரிகையும் மையும் என்று மாற்றி மாற்றி வரைகிறேன். ஒவ்வொன்றிலும் வேறு விலங்காகிவிடுகிறான். செதில்களை எடுத்தால் பல்லி போல் இருக்கிறான். தோழிகளோ "பழையதே நன்றாக இருந்தது" என்கிறார்கள். எவ்வளவு மாற்றினால் அவன் அவனாகவே இருப்பான்? எந்தப் பாணி எனக்குரியது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் இரண்டு வேலைகளை ஒரே தாளில் செய்துகொண்டிருக்கிறீர்கள். களைப்புக்குக் காரணம் அதுதான். குண்டுமணியின் உருவத்தைத் திருத்துவது ஒரு வேலை. பாணிகளைச் சோதித்துப் பார்ப்பது வேறொரு வேலை. மாங்கா பாணிக்குப் போனபோது கண்கள் பெரிதாகியிருக்கும், கூடவே மூக்கு சுருங்கியிருக்கும், வாலும் குட்டையாகியிருக்கும். படம் பிடிக்கவில்லை என்றால், பாணி பிடிக்கவில்லையா, வால் போனது பிடிக்கவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? முதலில் கைக்குப் பழகிய பழைய கோட்டிலேயே, அதே பேனாவிலேயே உருவத்தை மட்டும் மாற்றுங்கள். உருவம் நிலைத்த பிறகு அதைத் தொடாமல் பாணியை மாற்றுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வழிதான். ஆனாலும் இதைத்தான் உறுதியாகச் சொல்வேன்.

உருவத்தைத் திருத்த உட்காரும்போது மற்றவர்கள் வரைந்த கார்ட்டூன்களைப் பார்க்காதீர்கள், அழுங்கைப் பாருங்கள். உடலைச் செதில்களால் போர்த்திக்கொண்ட பாலூட்டி அது ஒன்றுதான். நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அந்தச் செதில்களிலும் இருக்கிறது. முதுகும் வாலும் கவசம். வயிற்றில் செதிலே கிடையாது. அந்த வயிற்றைக் காப்பதற்காகத்தான் அது சுருள்கிறது. ஆப்பிரிக்காவில் வாழும் ஓர் இனம் பின்னங்கால்களில் நடக்கிறது. அப்போது முன்னங்கால்களை மார்பருகே மடக்கி வைத்துக்கொள்ளும். கனத்த வால் பின்னால் நீண்டு எடையைச் சமன் செய்யும். தயங்கித் தயங்கி நடக்கும் ஒருவரின் தோற்றம் அதற்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. பயந்த சுபாவமுள்ள உங்கள் குண்டுமணிக்கு இதைவிடப் பொருத்தமான நடை கிடைக்குமா?

உங்கள் பல்லிப் பிரச்சினைக்கும் விடை அங்கேயே இருக்கிறது. செதில்களை உடலுக்குள் ஒவ்வொன்றாக வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. முதுகின் வெளிக்கோட்டை மட்டும் கழுத்திலிருந்து வால் நுனி வரை பற்கள் போல வெட்டிவிடுங்கள். முதுகுக்கு அடர்ந்த நிறம், வயிற்றுக்கு வெளிறிய நிறம். அவ்வளவுதான். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். உள்ளே ஒரு கோடுகூட இல்லாதபோதும் அது அழுங்கு என்று தெரிய வேண்டும். நிற்கும்போது, நடக்கும்போது, சுருளும்போது மூன்றிலும் தெரிய வேண்டும். சுருண்ட நிலையில் வெறும் வட்டமாகிவிட்டால், வால் நுனி வெளியே துருத்திக்கொண்டிருக்கட்டும்.

எவ்வளவு மாற்றலாம் என்று கேட்டீர்கள். நிறையவே மாற்றலாம். 1928-இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸின் கண்கள் வெறும் கரும்புள்ளிகள். 1930-களின் இறுதியில் ஓவியர் ஃபிரெட் மூர் அவனை மறுபடி வடிவமைத்தபோது கண்ணுக்கு வெள்ளையும் பாவையும் வந்தன. உடல் பேரிக்காய் வடிவத்துக்கு மாறியது. ஆனால் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டமாகவே தெரியும் அந்த இரண்டு காதுகள் அப்படியே இருந்தன. நேர்மாறான உதாரணம் 2019-இல் வந்தது. வீடியோ விளையாட்டில் பிறந்த சோனிக் என்ற முள்ளெலியைத் திரைப்படத்துக்காக இயல்பான விலங்கு போல மாற்றினார்கள். முன்னோட்டத்தில் அவன் கண்கள் சிறுத்திருந்தன. வாயில் மனிதப் பற்கள் தெரிந்தன. இவன் எங்கள் சோனிக் இல்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். உருவத்தைத் திருத்துவதற்காக, அந்த ஆண்டு நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. ரோமம் வந்ததை விட, கண்ணும் முகமும் பழைய அளவை இழந்ததுதான் அவர்களை உறுத்தியது என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் தோழிகளுக்கும் இப்படி ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். பழைய படத்தைக் காட்டாமல், குண்டுமணியை நினைவிலிருந்து வரைந்து தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு வரையத் தெரியாவிட்டால் அதுவும் இங்கே நன்மைதான். எல்லார் படத்திலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதில் கை வைக்காதீர்கள். யாருமே வரையாத பொத்தானையும் புள்ளியையும் தாராளமாக எடுத்துவிடலாம்.

இனி பாணி. ஒவ்வொரு பாணியிலும் அவன் நேராக நின்று சிரிப்பதைத்தான் வரைந்து பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தப் படம் எந்தப் பாணியிலும் அழகாக வந்துவிடும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. படக்கதையில் வரப்போகும் காட்சிகளையே வரையுங்கள்: தூரத்தில் கட்டைவிரல் நகமளவு தெரிகிறான், பின்பக்கம் காட்டி ஓடுகிறான், சுருண்டு பேசுகிறான். புத்தகத்தில் கட்டம் எந்த அளவில் இருக்குமோ, அதே அளவில் வரையுங்கள். அனிமேஷனில் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். கையால் வரைந்த காலத்துக் கார்ட்டூன் பாத்திரங்கள் பலவற்றுக்கு நான்கு விரல்களே இருந்ததற்கு இந்த உழைப்புக் கணக்கும் ஒரு காரணம். உங்களுடையது அசையாத படம்தான், ஆனாலும் பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் ஆறு குண்டுமணிகள். நூறு செதில்களோடு அவனை ஆறாவது கட்டத்திலும் ஆசையோடு வரைவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாங்கா என்றால் பெரிய கண்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே அறுந்துபோகிறது, வேகத்தையும் மௌனத்தையும் கட்டங்களால் எப்படிக் காட்டுகிறார்கள் என்று கவனித்து, பயிற்சிக்காகச் சில பக்கங்களைப் பார்த்து வரையுங்கள். அவை உங்கள் பயிற்சி நோட்டிலேயே இருக்கட்டும். என் விருப்பத்தைக் கேட்டால் தூரிகையும் மையும்தான் என்பேன். தூரிகையை அழுத்தி எடுத்தால் ஒரே இழுப்பில் ஒரு செதில் விழும். அவனுடைய நடுக்கமும் அந்தக் கோட்டிலேயே தெரியும். உங்கள் கைக்கு அது ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டு பாணிகள் மிஞ்சும்போது, ஒரே பக்கத்தை இரண்டிலும் முழுதாக வரைந்து தோழிகளிடம் காட்டுங்கள். எது பிடித்திருக்கிறது என்று கேட்க வேண்டாம். மூன்றாம் கட்டத்தில் குண்டுமணி என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். எந்தப் பக்கத்தைப் பார்த்து எல்லாரும் தயங்காமல் ஒரே பதிலைச் சொல்கிறார்களோ, அந்தப் பாணியில் கதையைத் தொடங்குங்கள்.