மின்வெட்டும் தண்ணீர்த் தட்டுப்பாடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. முன்பு நாலரை மணி நேரம் ஓடியது, இப்போது இரண்டு மணி நேரத்தில் பீப் அடிக்கிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் வாரன்டி அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள். ஒன்றரை வருடத்தில் பெரும்பாலும் வாரன்டி இருக்கும்.

அடுத்து, பேட்டரியின் ஆறு மூடிகளிலும் உள்ள மிதவைக் குச்சிகளைப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும், அதுவும் கூடாது. ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான். தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, முழுதாக சார்ஜ் ஏறிய பிறகு மேல் அளவுவரை நிரப்புங்கள். சார்ஜ் ஏறும்போது திரவம் உயரும். முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்து தரையை அரிக்கும்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேயுங்கள். மூடிகளுக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, நட்டை இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

லோடையும் கணக்கிடுங்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் காகிதத்தில் 1800 வாட்-மணி. கைக்குக் கிடைப்பது சுமார் 1200. பழைய ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன், 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து சேர்ந்தால் 270 வாட், அதாவது நாலரை மணி நேரம். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் 30 வாட்தான் எடுக்கும். மாற்றினால் அதே பேட்டரி எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். இடையில் டி.வி., கம்ப்யூட்டர் எதையாவது அந்த லைனில் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மணி நேரம்தான் என்றால், முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) வைத்து ஆறு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். ஐந்து செல் ஒரே அளவு காட்டி, ஒன்று மட்டும் 0.050 அல்லது அதற்கு மேல் குறைவாகக் காட்டினால் அந்த செல் போய்விட்டது. அப்போது வாரன்டியில் கேளுங்கள்.

கேள்வி: 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? நான்கு பேர் இருக்கிறோம், மேலே 500 லிட்டர் டேங்க்.
- வாசகர், மதுரை

பதில்: வீட்டு இன்வெர்ட்டரில் வேண்டாம். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே ஏறத்தாழ 1000 வாட் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. 900 வி.ஏ. இன்வெர்ட்டர் உடனே டிரிப் ஆகும்.

உங்களுக்குத் தேவை பெரிய டேங்க். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நான்கு பேருக்கு 540. உங்கள் டேங்க் ஒரு நாளைக்கே போதவில்லை! இன்னொரு 1000 லிட்டர் வைத்தால் கிட்டத்தட்ட மூன்று நாள் தாங்கும். நிரம்பினால் அது ஒரு டன் எடை. மாடியின் நடுவில் வைக்காமல் பீம், தூண் மேல் வரும்படி வையுங்கள். பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்பதே எங்கள் கருத்து.

கரன்ட் வந்ததும் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஃபுட் வால்வ் (சம்புக்குள் இறங்கும் குழாயின் அடி முனையில் உள்ள வால்வ்) கசிகிறது. மணல் அடைத்து மூடி சரியாக உட்காராததால், நின்ற நேரத்தில் குழாய்த் தண்ணீர் சம்புக்கே இறங்கிவிடும். கழற்றிக் கழுவி, வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றி, அடியிலிருந்து அரை அடி உயரத்தில் திரும்பப் பொருத்துங்கள். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மோட்டார் சுற்றாமல் 'ம்ம்' என்று உறுமினால் உடனே அணையுங்கள். சில நிமிடத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும்.

கேள்வி: லாரித் தண்ணீரை சம்பில் விட்டால் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?
- வாசகி, சென்னை

பதில்: 1000 லிட்டருக்கு 4 கிராம். 6000 லிட்டர் சம்புக்கு 24 கிராம். நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் குழைத்துத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்றுங்கள். அடி வண்டல் சுண்ணாம்பு, அது வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மேலே ஏற்றலாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். சிறு பாக்கெட்டாக வாங்கி இறுக்கி மூடி வையுங்கள்.