விடுதிப் பள்ளியில் சேரும் பிள்ளைக்குத் துணிமணியும் சாமான்களும் எப்படித் தயார் செய்வது?

மகளுக்குப் பத்து வயது, பள்ளி கொடுத்த பட்டியல் கையில் இருக்கிறது, எதை எத்தனை வாங்குவது, எல்லாவற்றையும் இப்போதே வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் வார்டனுக்கு ஒரு போன் போடுங்கள். துணி வாரத்துக்கு எத்தனை முறை சலவைக்குப் போகும்? போனது எத்தனை நாளில் திரும்பும்? உள்ளாடையும் சாக்ஸும் அதில் சேருமா, பிள்ளைகளே துவைத்துக்கொள்ள வேண்டுமா? எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இந்தப் பதில்கள்தான். வாரம் ஒரு சலவை, மூன்றாம் நாள் திரும்புகிறது என்றால், உள்ளாடைக்கு 7 நாள், காத்திருக்க 3 நாள், அவசரத்துக்கு 2: ஆக 12. வாரம் இருமுறை சலவை, இரண்டாம் நாள் திரும்புகிறது என்றால் 8 போதும். சாக்ஸுக்கும் இதே கணக்கு. சீருடைச் சட்டைக்கு விடுமுறை நாளைக் கழித்துக்கொள்ளலாம். பாவாடை இரண்டு நாள் தாங்கும் என்பதால் சட்டையில் பாதி எண்ணிக்கை போதும். கைத்துவையல் என்றால் எண்ணிக்கையைக் குறைத்து, சீக்கிரம் காயும் துணியாகப் பாருங்கள்.

'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று இருபது சட்டை அனுப்பாதீர்கள். அலமாரித் தட்டு சின்னது. அதோடு, மாற்றுத் துணி நிறைய இருக்கும் பிள்ளை சலவை நாளைத் தவறவிடும். அழுக்குத் துணி பையிலேயே கிடந்து ஊறி, கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி எளிதில் போகாது.

பொதுச் சலவையில் துணி படும் பாடு வீட்டில் படாது. எல்லாருடையதும் ஒன்றாக விழும், வெந்நீராகவும் இருக்கலாம். சட்டைக்குப் பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலப்பு நல்லது. சுருங்காது, கசங்காது, சீக்கிரம் காயும். உடம்போடு ஒட்டும் உள்ளாடை மட்டும் பருத்தியாகவே இருக்கட்டும். கம்பளி ஸ்வெட்டர் வெந்நீர் மெஷினில் ஒருமுறை சுற்றினால் பொம்மைக்குத்தான் ஆகும். மெஷினில் துவைக்கலாம் என்று குறிப்பு உள்ளதையோ, அக்ரிலிக்கையோ எடுங்கள்.

வாங்கியதும் பெயர் ஒட்ட உட்காராதீர்கள், முதலில் துவையுங்கள். பருத்தித் துணி முதல் இரண்டு சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். 60 செ.மீ. நீளப் பேண்ட் 2, 3 செ.மீ. குறைந்துவிடும். ஆகவே இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகே அளவு பார்த்துக் கால் மடிப்பு தைக்க வேண்டும். மெரூன், கருநீலம், கறுப்பு மூன்றையும் சாயம் பார்த்தாக வேண்டும்: நனைத்த துணியின் ஓரத்தை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால், ஒட்டுவது நிற்கும் வரை தனியாக அலசுங்கள். இதை விட்டால் உங்கள் பிள்ளையின் சட்டை மட்டுமா, பக்கத்துப் படுக்கைப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் ரோஸ் ஆகும்.

இனி பெயர். அதிக நேரம் தின்னும் வேலை இதுதான். குறைந்தது இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். துணி தொலைந்தது என்று பெற்றோர் சொல்வதில் பெரும்பகுதி பெயர் உதிர்ந்து அடுத்தவர் அலமாரியில் கிடப்பதுதான்.

என்ன எழுதுவது? இன்ஷியலோடு பெயரும், பள்ளி கொடுத்த சேர்க்கை எண்ணும். வகுப்பு, அறை எண் வேண்டாம். அடுத்த ஆண்டே மாறிவிடும். பெயர் மட்டும் போட்டால் அதே பெயரில் இன்னொரு பிள்ளை இருப்பாள்.

எதில் எழுதுவது? நெய்த பெயர் நாடாவை, அதாவது பெயரை எழுத்தாகவே நெய்த துணி நாடாவை, நான்கு பக்கமும் தைப்பதே உத்தமம். ஒரு ஓரம் மட்டும் தைத்தால் மறு ஓரம் சுருண்டு பிய்ந்துவிடும். நெய்து வாங்க நேரம் இல்லையென்றால், வெள்ளைப் பருத்தி நாடாவைத் துவைத்துக் காயவைத்து, அழியாத மார்க்கரால் எழுதி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டித் தையுங்கள். பால்பாயிண்ட் பேனா எழுத்து சலவையில் நீடிக்காது. இஸ்திரி போட்டு ஒட்டும் லேபிள் சுலபம்தான், ஆனால் புதுத்துணியின் கஞ்சி போகாமல் ஒட்டினால் நிற்காது. ஆவி இல்லாத சூட்டில், பாக்கெட்டில் போட்டிருக்கும் விநாடிக் கணக்குப்படி நகர்த்தாமல் அழுத்தி, முழுக்க ஆறிய பிறகே தொட வேண்டும். இழுபடும் துணியில், அதாவது சாக்ஸ், ஜட்டிப் பட்டி, ஜெர்சியின் ரிப் ஆகியவற்றில் அதை ஒட்டவே வேண்டாம். துணி இழுபடும், லேபிள் இழுபடாது, உரிந்துவிடும்.

எங்கே வைப்பது? ஒரே இடம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்: மேல்துணிக்குக் காலரின் உள்பக்கம் நடுவில், கீழ்த்துணிக்கு இடுப்புப் பட்டியின் உள்பக்கம் பின்னால், துண்டுக்கும் பெட்ஷீட்டுக்கும் ஒரு மூலையில். சலவையில் துணி பிரிப்பவர் அங்கேதான் முதலில் பார்ப்பார். சாக்ஸில் தனி வித்தை வேண்டும். மேல்விளிம்பில் குறுக்கே தைத்தால் காலை நுழைக்கும்போது நூல் அறும். நாடாவை இரண்டாக மடித்து, மடித்த இரு முனையையும் சேர்த்து உள்பக்கம் ஒரே இடத்தில் தையுங்கள், காதுபோல் தொங்கட்டும். ஜோடிக்கு ஒன்று போதாது, ஒவ்வொன்றுக்கும் வேண்டும். சாக்ஸை எல்லாம் ஒரே நிறம், ஒரே ரகமாக வாங்கினால் ஒன்று போனாலும் மிச்சம் ஜோடி சேரும். ஜிப் வைத்த வலைப்பை ஒன்றில் போட்டே சலவைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பையிலும் பெயர் வேண்டும்.

12 ஜோடி சாக்ஸே 24 நாடா. உள்ளாடை, சீருடை, விளையாட்டு உடை, இரவு உடையின் மேலும் கீழும், துண்டு, விரிப்பு, உறை என்று கூட்டினால் நூறைத் தொடும். 120 ஆக ஆர்டர் கொடுங்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் இடையில் வாங்கும் துணிக்கு ஆகும்.

எல்லாவற்றையும் இப்போதே வாங்க வேண்டாம். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வாள், வேக வளர்ச்சி தொடங்கினால் 8 வரை போகலாம். பட்டியலில் 'தேவைப்பட்டால்' வகையில் இருப்பதை முதல் மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். சீருடையை ஒரு அளவு பெரிதாக வாங்கலாம், ஆனால் தோள்பட்டை பொருந்த வேண்டும். தோள் தொங்கினால் எந்த மாற்றமும் எடுபடாது. பாவாடை, பேண்ட் அடியில் 5, 6 செ.மீ. உள்ளே விட்டு, பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள். பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பு வெளுத்த கோடாகத் தெரியும் என்பதையும் எதிர்பாருங்கள். இரண்டு செட்டை மட்டும் இப்படிப் பெரிதாக வைத்து, மற்றதைச் சரியான அளவில் எடுப்பது என் யோசனை.

ஷூவில் இந்த 'பெரிதாக' புத்தி கூடாது. மாலையில், இரு காலையும், பள்ளி சாக்ஸ் போட்டு நிற்கவைத்து அளவெடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் குதிகால் நழுவி, உரசி, கொப்புளம் வரும். புது ஷூ கடிக்கும். ஆகவே கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வாங்கி வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் போட்டு நடக்கட்டும். மழையில் நனைந்த தோல் ஷூ ஒரே ராத்திரியில் காயாது, அதனால் முடிந்தால் இரண்டு ஜோடி. பெயரை நாக்குப் பகுதியின் அடியில் எழுதுங்கள். ஷூவுக்குள் பாதம் படும் இடத்தில் எழுதினால் தேய்ந்துவிடும்.

படுக்கைக்கு மெத்தையின் நீளம், அகலம், கனம் கேட்டு வாங்குங்கள். சாதா விரிப்பு என்றால் சுற்றிலும் 25 செ.மீ. உள்ளே செருக மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் சுருண்டு கிடக்கும். விரிப்பு 3, தலையணை உறை 3. துண்டு மெல்லியதாக இருக்கட்டும்: பலர் குளிக்கும் இடத்தில் காற்றாட இடம் கிடைக்காது, தடித்த துண்டு ஈரவாடை அடிக்கத் தொடங்கிவிடும். மாட்டுவதற்கு நடுவில் ஒரு நாடா வளையம் தைத்துவிடுங்கள். சோப்பு டப்பாவில் அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.

பெட்டியை வாங்கும் முன் கட்டிலின் அடி உயரத்தைக் கேளுங்கள். பூட்டின் வளையம் பெட்டியின் கொக்கியில் நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். எண் பூட்டு என்றால் இருட்டிலும் அவசரத்திலும் திறக்க வீட்டில் பழகட்டும். சாவிப் பூட்டு என்றால் ஒரு சாவி வார்டனிடம், ஒன்று பிள்ளையிடம், ஒன்று உங்களிடம்.

மருந்து எதையும் பெட்டிக்குள் மறைத்து வைக்காதீர்கள். அசல் அட்டையோடு, டாக்டர் சீட்டு நகலோடு பள்ளி நர்ஸிடம் கொடுங்கள். மூச்சுத் திணறலுக்கு இன்ஹேலர் இருந்தால் யார் கையில் இருக்கும் என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். கண்ணாடி போடுபவள் என்றால் இன்னொரு கண்ணாடியும் அதன் சீட்டும் கட்டாயம்.

மாதவிடாய் இன்னும் வரவில்லை என்றாலும் சின்ன ஜிப் பையில் நாப்கின் ஆறும், அடர்நிற உள்ளாடை இரண்டும் வையுங்கள். எப்படி வைப்பது, எங்கே போடுவது என்று ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் எப்போதாவது இருந்தாலும் வார்டனிடம் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. தண்ணீர் இறங்காத மெத்தை உறையும், கூடுதலாக ஒரு விரிப்பும், இரவு உடையும் போதும். சொல்லாமல் விட்டால் பிள்ளை ஈர விரிப்பைச் சுருட்டிப் பெட்டிக்குள் ஒளித்துவிடும்.

கடைசி இரண்டு வாரம் வீட்டிலேயே ஒத்திகை நடக்கட்டும். அழுக்குத் துணியை எண்ணிப் பையில் போடுவது, திரும்பியதைச் சரிபார்ப்பது, ஜட்டி அலசிப் பிழிவது, விரிப்பு மாற்றுவது, ஷூ கயிறு கட்டுவது, பட்டன் தைப்பது. பின்பக்கம் ஜிப்போ கொக்கியோ வைத்த உடையைத் தனியாகப் போட்டுக்கொள்ள முடியவில்லை என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டுங்கள்: பொருள், எண்ணிக்கை, நிறம். நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு வேண்டியதை, அதாவது இரவு உடை, பல் துலக்கும் சாமான், துண்டு, விரிப்பு, மறுநாள் சீருடை, சாக்ஸ் ஆகியவற்றைத் தனிக் கைப்பையில் போடுங்கள். அன்று மாலை எல்லாரும் ஒரே நேரத்தில் பெட்டி திறப்பார்கள், தரையில் கால் வைக்க இடம் இருக்காது. முதல் முறை பார்க்கப் போகும்போது அந்த நகலையும் மிச்ச பெயர் நாடாவில் கொஞ்சமும் ஊசி நூலும் எடுத்துப் போங்கள். சாக்ஸைத்தான் முதலில் எண்ண வேண்டியிருக்கும்.